நடு ஹோலில் ஒரு கதிரை

பாட்டுக் கேட்பதற்குச் சரியான இடம் வீட்டின் நட்டநடுதான் என்று என் சிநேகிதன் சொன்னபோது, அந்த இடம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே வேறு காரியங்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால், ஒரு கிழமை முழுக்க மனைவியின் முதுகைப் பார்த்தபடி சோறு சாப்பிட்டிருக்க வேண்டி வந்திராது.

சிநேகிதன் ஊர்காவற்றுறைக்காரன். பரம்பரையாகக் கடலுக்குப் போகிற கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். அவனுக்கு மட்டும் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுப்பான். அதனால்தான் விமானத்தில் ஏறி ஜேர்மனிக்கு ஓடினான் என்று நான் அவனை இன்றைக்கும் நக்கலடிப்பேன்.

பதின்ம வயதில் போருக்குப் பயந்து இரண்டு குடும்பமும் எங்கள் தீவைவிட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்தபோது மின்சாரம் என்பது கதையில் மட்டும் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவன் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் மற்றவன் கசட் கேட்பான். அவனுடைய மாமன் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய எலக்ட்ரோனிக் பொப் கசட் ஒன்று எங்களிடம் இருந்தது. தோலும் இல்லை, தந்தியும் இல்லை, ஊதுகிற குழலும் இல்லை. எல்லாம் சுவிட்சைத் தட்டி எழுப்பிய சத்தம். சுற்றுகிறவனின் கை களைத்தால் பாட்டுக்காரி ஆம்பிளைக் குரலில் பாடுவாள். அவன் உசாராகிச் சுற்றினால் பாலர் வகுப்புப் பிள்ளையாகிவிடுவாள். அந்தப் பாட்டுகள் உண்மையில் எந்த வேகத்தில் போகின்றன என்பது எங்களுக்கு வெகுகாலம் தெரியாது.

அப்படிப்பட்டவன் போன ஆடி மாதம் லீவில் வந்தான். வருகிறவர்கள் சொக்லேட்டும் சென்ற் போத்தலும் கொண்டுவருவார்கள். இவன் முன்கூட்டியே கப்பலில் ஒரு பெரிய பெட்டியைப் போட்டுவிட்டு, அதற்குப் பின்னால் தான் வந்து இறங்கினான். உள்ளே ஒரு அம்ப், ஐந்து ஸ்பீக்கர் பெட்டி, நிலத்தை அதிரவைக்கிற ஒரு வூஃபர், தட்டுப் போடுகிற கருவி, கூடவே எலக்ட்ரோனிக் பொப் தட்டுகள் ஒரு கட்டு. எல்லாம் ஐந்து பெட்டிக்கும் தனித்தனியாகச் சத்தத்தைப் பிரித்துப் பதிந்த தட்டுகள். தனக்குப் புதிய செற் வாங்கிவிட்டானாம். பழையதை எறிய மனம் வராமல் எனக்குக் கொண்டுவந்தானாம். அந்தப் பழையதைப் பார்த்தால் எங்கள் வீட்டில் உள்ள புதுச் சாமான்கள் எல்லாம் வெட்கப்படும்.

நாங்கள் இருப்பது சுருவிலில். வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. நீளமான ஹோல், உயர்ந்த ஓட்டுக்கூரை, தடித்த கல்லுச் சுவர். பெட்டியைத் திறக்க முதலே சிநேகிதன் ஹோலின் நடுவில் நின்று கையைத் தட்டிப் பார்த்தான். இப்படி ஒரு அறை ஜேர்மனியில் கிடைக்க வேண்டுமென்றால் தேவாலயத்தைத்தான் வாங்க வேண்டும் என்றான். பிறகு ரீவி இருக்கிற வடக்குச் சுவரோடு மூன்று பெட்டி, பின்னுக்கு இரண்டு பெட்டி என்று வைத்தான். வலை பொத்துகிற நைலோன் நூலைத் தகப்பனிடம் வாங்கி வந்து, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் பிடித்து அளந்தான். நூல்கள் சந்திக்கிற இடத்தில் ஒரு கதிரையைப் போட்டு, அதன் கால்களைச் சுற்றிச் சோக்கட்டியால் கோடும் கீறினான்.

“மச்சான், இதிலயிருந்து அரை அடி அங்கால இஞ்சால போனாலும் ஒண்டும் விளங்காது. தெரியுதோ?”

“நீ என்னடா, கும்பம் வைக்க இடம் பாக்கிற மாதிரிப் பாக்கிறாய்?”

“அதைவிடப் பெரிய விசயமடா இது. இரு, பொத்திக்கொண்டு கேள்.”

இருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இடதுபக்கப் பின்மூலையில் ஒரு சொட்டு. குசினிக் குழாய் ஒழுகுகிறதாக்கும் என்று திரும்பினேன். அடுத்த சொட்டு வலதுபக்கம். அதற்கடுத்தது முன்னால். சொட்டுகள் கூடிக் கூடித் தாளமாகி என்னைச் சுற்றி நடக்கத் தொடங்கின. பாட்டுக்காரி எனக்கு முன்னால் நின்று முதல் அடியைப் பாடினாள். இரண்டாவது அடியில் என் தோளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், பிடரிக்குப் பக்கத்தில் நின்று ஒரு சொல்லை மெல்லச் சொன்னாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு அவளே ஐந்தாறு பேராகிச் சுற்றிவர நின்று பாடினாள். வூஃபர் உறுமியது. கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த பீங்கான் கோப்பைகள் கிலுகிலுத்தன. அது தட்டில் பதியாத வாத்தியம்தான், ஆனாலும் தாளம் பிசகவில்லை.

எனக்கு இந்த இசை ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று மனைவி கேட்பார். நான் நெடுந்தீவில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். குறிகட்டுவானில் படகேறிப் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் எப்போதும் இடம் கிடைக்கும். வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகும் அந்த எஞ்சின் காதுக்குள் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பாட்டுகளின் அடியில் போகிற தாளம் அந்த எஞ்சினைப் பிடித்துத் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடும். அதோடு ஐந்து பெட்டியும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடுகின்றன என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். எங்கள் ஊரிலும் சுற்றிவரச் சத்தம் உண்டு. திருவிழாக் காலத்தில் ஒரு பக்கம் கோயில் ஒலிபெருக்கி, மறுபக்கம் மாதா பெருநாள், நடுவில் ஐஸ்கிறீம் வான். மூன்றும் ஒன்றையொன்று மதிக்காது.

சிநேகிதன் லீவு முடிந்து பிளேன் ஏறிவிட்டான். கதிரை நடு ஹோலில் இருந்தது. பிரச்சினை தொடங்கியது.

வீட்டில் எங்களோடு இருப்பவர் மாமி, மனைவியின் தாய். எழுபது தாண்டியவர். மாமா தெற்கில் கடை வைத்திருந்தவர். முதுமையில் கடையைக் கைவிட்டு ஊரோடு வந்திருந்து, கொரோனா ஓய்ந்த பிறகு இந்த வீட்டிலேயே காலமானார். கடைசிப் பிள்ளைக்குக் கொடுத்த வீட்டில் கடைசிவரை இருப்பது இங்கே வழக்கம். மாமியும் அப்படித்தான் இருந்தார். என்னோடு நேரே பேசமாட்டார். கோபம் ஒன்றுமில்லை, மருமகனுக்குக் காட்டுகிற மரியாதை. நான் இரண்டடி தள்ளி நின்றாலும் எனக்கான செய்தி மகள் வழியாகத்தான் வரும்.

“பிள்ளை, உந்தக் கதிரையை ஓரமாப் போடச் சொல்லு.”

நான் அங்கேயே நின்றேன். மனைவி திரும்பி, “கதிரையை ஓரமாப் போடட்டாம்” என்றார்.

“ஓரமாப் போட்டா ஒண்டும் கேக்காதெண்டு சொல்லும்” என்றேன். என் பதிலும் அதே வழியால் போனது.

எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் ஹோல் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். கதிரைகள் நான்கு சுவரோடும் வரிசையாக இருக்கும். வருகிறவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்து, ஹோலின் அகலம் முழுவதற்கும் குரல் எறிந்து கதைப்பார்கள். நடுவில் ஒன்றும் இராது. பெண் பெரியவளானால் நடுவில் இருத்துவார்கள். கலியாணத்துக்கு அங்கே மணவறை வரும். செத்தால் பிரேதப் பெட்டி வரும். மற்ற நாட்களில் நடு ஹோல் வெறும் ஹோல். மாமாவின் பெட்டியும் அங்கேதான் இருந்தது, தலை தெற்கே. அதற்குப் பிறகு மாமி ஹோலைக் குறுக்கே கடந்து நான் பார்த்ததில்லை. கதிரைகளின் முதுகை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சுற்றித்தான் முன் வாசலுக்குப் போவார். முழங்கால் நோவென்று நினைத்தேன்.

மாமிக்காகக் கதிரையைச் சுவரோடு போட்டும் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. பின்பக்கப் பெட்டி ஒன்று காதுக்குள் கத்தியது. மற்ற நான்கும் பக்கத்து வளவில் பாடின. கலியாண வீட்டில் தவில்காரருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தவனின் நிலைமை. ஒரு நாள் மாலை இதைச் சிநேகிதனுக்குப் போனில் சொல்லி அழாத குறையாக முறையிட்டேன்.

“கதிரைதானே பிழையெண்டீனம்? பாயைப் போட்டுப் படு. பெட்டியளைக் கொஞ்சம் கீழ இறக்கி வை. படுத்துக் கேட்டா இன்னும் திறமடா” என்றான் ஜேர்மனியில் இருந்துகொண்டு.

எனக்கு அது அருமையான யோசனையாகப் பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பாடசாலை விடுமுறை. காலையில் கோயிலுக்குப் போய்வந்து, வேட்டியை மாற்றப் பஞ்சிப்பட்டு, அப்படியே நடு ஹோலில் பாயை விரித்தேன். ரீவிப் பக்கம் காலை நீட்டி, கண்ணை மூடி, கையிரண்டையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு படுத்தேன். உண்மையிலேயே திறம்தான். பாட்டுக்காரி கூரையிலிருந்து இறங்கி வந்தாள். பக்கத்தில் வெடி போட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிராது.

மாமி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்ததும் கேட்கவில்லை. கிளாஸ் விழுந்து உடைந்ததும் கேட்கவில்லை. சுடுதேத்தண்ணி நிலத்தால் ஓடி வந்து வேட்டியில் ஊறியதுதான் தெரிந்தது. ஐயோ என்று துள்ளி எழும்பி உட்கார்ந்தேன். வெள்ளை வேட்டியோடு, தெற்கே தலைவைத்து, மாமா கிடந்த அதே இடத்தில் கிடந்த உருவம் சடாரென்று எழும்பி உட்கார்ந்தால் பார்த்தவருக்கு எப்படியிருக்கும்? மாமி போட்ட சத்தம் மட்டும் ஐந்து பெட்டியையும் மீறிக் கேட்டது.

மனைவி ஓடி வந்தார். நடந்ததை விளங்கிக்கொள்ள அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

“செத்த மாதிரிக் கிடக்க உங்களுக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ?”

“பாட்டுத்தானே கேட்டனான்.”

“கையைக் கட்டிக்கொண்டோ? தெற்க தலை வைச்சோ?”

“ரீவி வடக்குச் சுவரிலதானே இருக்கு” என்றேன். இருபது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனின் புத்தி அவ்வளவுதான்.

மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் உள்ளே போன் பேசுகிற சத்தம் கேட்டது. கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிற மூத்த மகளுக்கு. “என்னை வந்து கூட்டிக்கொண்டு போ” என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. வருகிற ஞாயிறு போக அடுத்த ஞாயிற்றுக்கிழமை வான் வரும் என்று முடிவாயிற்று.

பகிடி அதோடு முடிந்தது. தாயின் வீட்டிலிருந்து தாயைத் துரத்திய மருமகன் என்று ஊர் சொல்லும்; அது போகட்டும், ஊர் எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும். மனைவியை நினைக்கத்தான் பயமாக இருந்தது. அவர் கலியாணம் கட்டிய பிறகும் தாயைவிட்டுப் பிரிந்திருந்தவரல்லர். அந்தக் கிழமை முழுக்கச் சோற்றுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். எனக்கும் மாமியைப் பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும். பின்னேரம் நான் படகால் வந்து இறங்கினால், இன்றைக்கு நெடுந்தீவுப் படகில் யார் யார் வந்தார்கள் என்று மகளிடம் கேட்பார். நான் மகளுக்குச் சொல்லுவேன். மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பொரித்த மீனில் நடுத்துண்டை எனக்கென்று மூடி வைத்திருப்பார். வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில், லிஃப்டுக்குப் பயந்த ஒரு மனுசி எப்படி இருப்பார்? ஆனால் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. நாங்கள்தான் நேரே பேசுவதில்லையே. மகள் வழியாகக் கேட்டுப்பார்த்தேன். அந்த வழி அடைபட்டிருந்தது.

வான் வருவதற்கு முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம், பெட்டிகளைக் கழட்டுவதென்று தீர்மானித்தேன். மாமியின் சூட்கேஸ் அறை வாசலில் வந்துவிட்டது. அதைப் பார்த்தபடி நிலத்தில் குந்தியிருந்து பின்பெட்டியின் வயரைக் கழட்டத் தொடங்கினேன். பாயைச் சுருட்டிய பிறகு பழைய கதிரையைத்தான் நடுவில் போட்டிருந்தேன், கோட்டுக்குள் கால் வைத்து. அதைக் கடைசியாக எடுக்கலாம் என்றிருந்தேன்.

மாமி அறையிலிருந்து வந்தார். கதிரைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்துச் சுவரோரமாக வந்தவர், எனக்கு நேரே வந்ததும் நின்றார்.

“தம்பி, கழட்டாதேங்கோ கொஞ்சம்.”

குசினி வாசலில் நின்ற மனைவி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் மாமி என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வசனம் அது.

“நாளைக்குப் போறன்தானே. அந்த நடுவில அப்பிடி என்னத்தைத்தான் கேக்கிறியள் எண்டு ஒருக்காப் பாப்பம். போடுங்கோ.”

வயரை மறுபடி செருகினேன். மாமி சுவரை விட்டார். நாலைந்து அடிதான், ஆனால் ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்குகிறவர் போலக் காலை வைத்து வைத்து வந்து கதிரையில் இருந்தார். தட்டுக்கட்டுக்குள் இருந்ததிலேயே மெதுவான தட்டைத் தேடி எடுத்துப் போட்டேன்.

முதல் சொட்டு விழுந்ததும் திரும்பிப் பார்த்தார்.

“பின்னால ஆர்?”

“ஒருத்தருமில்லை மாமி. பெட்டிதான்.”

“பொம்பிளையின்ர குரலெல்லோ கேக்குது.”

“ஓம். அவவும் பெட்டிக்குள்ளதான்.”

பிறகு திரும்பவில்லை. கையிரண்டையும் மடியில் வைத்து, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. குரல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பக்கத்தில் ஒன்று, பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. ஹோல் நிறையப் பெண்கள் நிற்பது போல இருந்தது.

“அவருக்கும் இப்பிடித்தான் கேட்டிருக்கும், என்ன?”

சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

“இதிலதானே கிடந்தவர். சுத்திவரச் சனம். தலைமாட்டில மச்சாள், கால்மாட்டில பெரியக்கா, என்ர பிள்ளையள் ரண்டும் இந்தப் பக்கம். எல்லாற்ற சத்தமும் அவருக்குக் கேட்டிருக்கும். என்ர சத்தம் மட்டும் கேட்டிருக்காது.”

அன்றைக்கு மாமிக்குப் பிரஷர் ஏறி அறையில் படுத்துவிட்டார் என்றுதான் வந்தவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். நாங்களும் அதைத்தான் நம்பியிருந்தோம். நான் வெளியே பந்தலோடும் வாடகைக் கதிரைகளோடும் நின்றவன்.

“பிரஷருமில்லை, ஒண்டுமில்லை. வாறவை வாறவை கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைச்சினம். எனக்கு அழுகை வரேல்லை, தம்பி. ஒரு சொட்டுத் தண்ணி வரேல்லை. புருசன் செத்துக்கிடக்க, அழாமல் எப்பிடிச் சனத்துக்கு முன்னால இருக்கிறது? வெக்கத்தில அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டுப் படுத்திட்டன். அதுக்குப் பிறகு இந்த இடத்தால நடக்கவே எனக்கு ஏலாமப் போச்சு.”

சொல்லி முடித்துவிட்டு மீண்டும் பாட்டைக் கேட்டார். முதலில் தோள் மட்டும் அசைந்தது. பிறகு தொண்டையில் ஏதோ இளகுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகு மாமி வாய்விட்டு அழுதார். எங்கள் ஊர்ப் பெண்கள் பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்து அழுகிற அதே அழுகை, முன்னும் பின்னும் ஆடி, நெஞ்சில் கையை வைத்து, “என்ர ராசா, என்னை விட்டிட்டுப் போட்டியளே” என்று அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார். சுற்றிவரப் பாட்டுக்காரிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அழுகிற வீட்டில் பாட்டா என்று பதறி ரிமோட்டை எடுத்தேன். மாமி கண்ணைத் திறக்காமலே, வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் ரிமோட்டை வைத்துவிட்டேன். எனக்கும் கண் கலங்கியது. மனைவி வந்து தாயின் காலடியில் நிலத்தில் இருந்து, முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன் அடித்தது. கொழும்பிலிருந்து அக்கா. வான்காரன் நேரம் கேட்கிறானாம், நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்ல என்று. மனைவி போனைக் கையில் பிடித்தபடி தாயின் முகத்தைப் பார்த்தார்.

மாமி சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

“வான் வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை. நான் இன்னும் அழுது முடிக்கேல்லை.”